கிறிஸ்துமஸ் ராத்திரியில் உங்கள் வீட்டு நாய்க்குப் பொறுப்பு யார்?



அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் விடப்போகிறது. தங்கச்சிமடத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிட்டது. 2022 டிசம்பர் 23 அன்று பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. அதற்கப்புறம் மூன்று கிறிஸ்துமஸுக்கு நீங்களெல்லாம் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித்தான் வந்தீர்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மறுபடியும் ரயிலிலேயே கடலைத் தாண்டி வீடு வந்து சேரலாம். சந்தோசம். வாருங்கள்.

வருவதற்கு முன்னால் ஒரு விசயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் நாய், பூனை, ஆடு, கோழி எது இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

2009-ஆம் வருசம் எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. சாதி நாயெல்லாம் இல்லை. நம் மாவட்டத்தின் பெயரைச் சுமக்கும் மண்டை நாயின் ரத்தம் கொஞ்சம் கலந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். பெரிய தலை, பெரிய குரல், ஆனால் சுத்தப் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் என் சேலைக்குள் வந்து தலையை நுழைத்துக்கொள்ளும். என் கடைசிப் பையனுக்கு அப்போது 12 வயது. இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்பார்கள்.

அந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைந்துவிட்டது. என் நாத்தனார் குடும்பம், என் தம்பி குடும்பம், மதுரையிலிருந்து கொழுந்தன் பிள்ளைகள் என்று 11 பேர். நடுச்சாமப் பூசைக்கு எல்லாரும் கிளம்பினோம். சேலை மடிப்பு, பிள்ளைகளின் சட்டைப் பொத்தான், கேக்கை எறும்பு மொய்க்காமல் எடுத்து வைப்பது என்று ஒரே பரபரப்பு. ஜிம்மியைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினோம். 'சாத்தினோம்' என்றுதான் 11 பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வெடி தொடங்கியது. சரம் சரமாக வெடித்தார்கள். நாங்கள் கோயிலுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது. கதவின் உள்பக்கம் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் நகக் கீறல். கீறலில் ரத்தம். ஜிம்மி இல்லை.

'நீ தாழ்ப்பாள் போட்டியா?' என்று நான் தம்பியைக் கேட்டேன். 'மச்சான் போட்டிருப்பார்னு நினைச்சேன்க்கா' என்றான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அன்று ராத்திரி அதற்குச் சோறு வைத்தது யார் என்று கேட்டபோதும் அதே கதைதான். மூன்று பேர் வைத்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் வைத்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பகல் முழுக்கத் தேடினோம். மறுநாளும் தேடினோம். மூன்றாம் நாள், பாம்பன் போகும் ரோட்டோரத்தில் கிடக்கிறது என்று ஒரு மீன்காரம்மா வந்து சொன்னார்கள். ஏதோ வண்டி அடித்திருக்கிறது. சாக்கில் கட்டி எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் புதைத்தோம்.

மண்ணைத் தள்ளி முடித்ததும் என் பையன் கேட்டான்: 'அம்மா, அன்னைக்கு அவனைப் பார்த்துக்க வேண்டியது யாரு?'

பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் எதையாவது சொல்லிச் சமாளித்துப் பழகியவள் நான். அன்று என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் உண்மையான பதில், 'யாரும் இல்லை' என்பதுதான். அந்த வீட்டில் ஜிம்மியைப் பிடிக்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. இது என் வேலை என்று எடுத்துக்கொண்டவர்தான் இல்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அது ஒன்றுதான். பண்டிகை நாளில் வாயில்லா உயிர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கொடுமைக்காரர்களால் அல்ல. நம்மைப் போன்ற பாசக்காரர்களால்தான். பத்துப் பேர் கூடியிருக்கும் வீட்டில், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பத்துப் பேரும் நினைக்கிறோம்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கரும்பலகை துடைக்க ஒருவர், மண்பானையில் தண்ணீர் பிடித்து வைக்க ஒருவர், சன்னல் சாத்த ஒருவர் என்று வாரத்துக்கு ஒரு பெயர் எழுதிப் போடுவேன். 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கிறோம் டீச்சர்' என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாரும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன வாரத்தில்தான் பானை காய்ந்து கிடக்கும். 34 வருசம் வகுப்பறையில் இது தெரிந்தவள், என் வீட்டில் கோட்டை விட்டேன்.

இதே பாடத்தை எங்கள் அப்பத்தா எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், 100 பேருக்கு மேல் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது அந்த ராத்திரிதான். தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. எனக்கு அப்போது நாலு வயது. நினைவில் ஒன்றும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது எல்லாரும் மேட்டுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். அப்பத்தா மட்டும் திரும்பிப் போய், கொட்டிலில் கட்டியிருந்த நாலு ஆட்டையும் அவிழ்த்து விட்டுவிட்டு வந்தார்களாம். தாத்தா அதற்காகத் திட்டினாராம். அப்பத்தா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வோம்: 'கட்டாம விட்ட ஆடுன்னா அதுவா ஓடிப் பொழைச்சுக்கும். நான்ல கட்டுனேன்?'

நான்தான் கட்டினேன் என்ற அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. ஒரு உயிரைக் கயிற்றில் கட்டியாகிவிட்டது, அல்லது கதவுக்குள் அடைத்தாகிவிட்டது என்றால், அது தானாக ஓடிப் பிழைக்கும் வழியை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அதற்குப் பதிலாக நாம் நிற்க வேண்டும்.

இன்னொரு டிசம்பரும் நமக்கு மறக்காது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். புதுச்சேரி பக்கம் சின்னக்காலாப்பட்டில் நடந்தது அப்போது பத்திரிகைகளில் வந்தது. சுனாமி வந்தபோது ஒரு தாய், கைக்கு எட்டிய இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். மூத்தவன், ஏழு வயதுப் பையன், பயத்தில் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். அவர்கள் வீட்டு நாய் உள்ளே போய், அவனைக் கடித்து இழுத்துத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நாயின் பெயர் செல்வகுமார். இவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார் என்று அது யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். ஜிம்மி போன பிறகு கால்நடை டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, என் வீட்டில் 15 வருசமாகச் செய்துவருவதைச் சொல்கிறேன். மருந்து விசயத்தை உங்கள் ஊர் டாக்டரிடமே கேளுங்கள்.

முதல் வேலை: ஒரு பெயர்.

டிசம்பர் 24 காலையிலேயே எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு பெயர் எழுதிவிடுவேன். இன்றைக்குச் செவலைக்கும் குட்டச்சிக்கும் பொறுப்பு யார்? (செவலை எங்கள் நாய், குட்டச்சி பூனை.) சோறு வைப்பது, தண்ணீர் வைப்பது, தாழ்ப்பாள் போடுவது எல்லாம் அந்த ஒருவர். மற்றவர்கள் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் அவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பொறுப்பை மாற்ற வேண்டும் என்றால் வாயால் சொல்லி மாற்ற வேண்டும். 'அத்தை, நான் குளிக்கப் போறேன், இனி நீங்க' என்று. பத்து வயதுப் பிள்ளைக்கே இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். கூட ஒரு பெரியவர் இருந்தால் போதும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: வெடி.

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். பூனைக்கு அதற்கும் மேலே. நமக்குக் கேட்காததெல்லாம் அவற்றுக்குக் கேட்கிறது. நமக்கு இது பண்டிகை வெடி என்று தெரியும். அதற்குத் தெரியாது. உலகம் இடிந்து விழுகிறது என்றுதான் நினைக்கும்.

வெடி எப்போது வரும் என்று நமக்கு ஓரளவு தெரியும் என்பதுதான் ஒரே நல்ல விசயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரைதான் வெடிக்கலாம் என்று நேரம் வைத்தார்கள். நம் தெருவில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு விசயம். வெடிக்கிறவர்கள் மதியுங்கள். மற்றவர்கள் அந்த நேரத்தை வைத்து நேர அட்டவணை போடுங்கள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நாயை வெளியே கூட்டிப்போய் வாருங்கள். ஏழு மணிக்குள் சோறு வைத்துவிடுங்கள். பத்து மணிக்கெல்லாம் வீட்டின் நடு அறையில், தெருப்பக்கம் சன்னல் இல்லாத அறையாகப் பார்த்து விடுங்கள். ஃபேன் ஓடட்டும், டிவியோ ரேடியோவோ பாடட்டும். கட்டிலுக்கு அடியில் நுழைந்தால் இழுக்காதீர்கள். அதன் குகை அது. உங்கள் பழைய சேலையோ வேட்டியோ துவைக்காமல் ஒன்றைப் போடுங்கள். நம் வாசனை அதற்குத் தைரியம்.

வாசலில் சங்கிலியால் கட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். பயத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக் கழுத்து இறுகிவிடும். நடுங்குகிற நாயைத் தட்டிக்கொடுத்தால் பயந்த பழக்கம் வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். தாராளமாகத் தட்டிக்கொடுங்கள். நமக்குப் போடும் தூக்க மாத்திரையைக் கொடுப்பது தவறு. ரொம்பப் பயப்படும் நாய்க்கு என்று தனியாக மருந்து இருக்கிறது. ஒரு வாரம் முன்னாடியே டாக்டரைப் பாருங்கள்.

கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும். ஜிம்மியின் கழுத்தில் எண் இருந்திருந்தால், முதல் நாளே யாராவது எங்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

எல்லாரும் பூசைக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் தங்கிவிடுகிறோம். வருசத்துக்கு ஒருவர். அவர் மறுநாள் காலைப் பூசைக்குப் போய்க்கொள்வார்.

மூன்றாவது: பலகாரம்.

வெடிக்குப் பயந்து ஓடுவதைவிட இதில் போகும் உயிர் அதிகமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் இது சத்தமில்லாமல் நடக்கும். பிள்ளைகள் பாசத்தில் ஊட்டுவார்கள்.

பிளம் கேக்கில் உலர்ந்த திராட்சை இருக்கிறது. திராட்சை, காய்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தாங்கும், இன்னொன்று தாங்காது. தின்ற அன்று ஓடி ஆடிக்கொண்டிருந்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் படுத்துவிடலாம். சாக்லேட்டில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும். நாயின் உடம்பால் முடியாது. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. வாந்தி, படபடப்பு, நடுக்கம், வலிப்பு என்று போகும்.

பிரியாணி, குருமாவில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் கெடுதல். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் நாய்க்கு விஷம். கேக்கை ரம்மில் ஊற வைக்கிறவர்கள், குடித்துவிட்டு நாய்க்கும் ஊற்றி வேடிக்கை பார்க்கிறவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

அப்படியானால் பண்டிகைக்கு அதற்கு என்னதான் கொடுப்பது? உப்பு, மசாலா போடுவதற்கு முன்னால் நாலு துண்டுக் கறியை எலும்பில்லாமல் வேகவைத்துத் தனியே எடுத்து வையுங்கள். நம் ஊரில் மீனுக்கா பஞ்சம்? முள் எடுத்த வேகவைத்த மீன் கொஞ்சம் போதும். அதற்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

ஆடு, மாடு வைத்திருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. மிஞ்சிய சோறு, பிரியாணி, பாயசம், கேக் என்று அண்டாவோடு ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொட்டாதீர்கள். புல் தின்கிற வயிறு அது. நிறையச் சோறு ஒரே நேரத்தில் உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறி, தீனி எடுக்காமல் படுத்து, செத்தே போகும். பாசத்தோடு சோறு போட்டுக் கொல்வது இதுதான். எஞ்சிய சோற்றைப் பாலிதீன் பையில் முடிந்து தெருவில் வீசுவதும் வேண்டாம். ராமேஸ்வரம் வீதி மாடுகள் பையோடுதான் விழுங்கும்.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே கெடுதல். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

25-ஆம் தேதி அரசு விடுமுறை. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் அன்றைக்கு இருக்குமா, இல்லையென்றால் யாரைக் கூப்பிடலாம் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. 108 மாதிரி இதையும் மனப்பாடம் பண்ணுங்கள்.

நான்காவது: விளக்கும் ஜிகினாவும்.

குட்டி நாய்க்குச் சீரியல் செட் ஒயர் கடித்துப் பழக நல்ல கயிறு. மழை ஈரத்தில் அது உயிரைக் குடிக்கும். படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பூனைக்கு ஜிகினா நூல், பரிசுப் பொட்டலத்து ரிப்பன் எல்லாம் விளையாட்டு. விழுங்கிவிட்டால் குடலை அறுக்கும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது: ஊருக்குப் போகிறவர்கள்.

வேளாங்கண்ணிக்கு மூன்று நாள், மாமியார் வீட்டுக்கு நாலு நாள் என்று கிளம்புவீர்கள். 'பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கோம் டீச்சர்' என்பீர்கள். யாரிடம் சொன்னீர்கள், பெயர் என்ன, அவர் சரி என்றாரா? அவருக்குச் சாவி கொடுத்தீர்களா? டாக்டர் எண், உங்கள் எண், எத்தனை வேளை என்ன வைப்பது என்று தாளில் எழுதிக் கொடுத்தீர்களா? அவருக்கும் கிறிஸ்துமஸ் இருக்கிறது என்பதை யோசித்தீர்களா? முடிந்தால் பண்டிகை இல்லாத வீட்டாரைக் கேளுங்கள். நம் ஊரில் அதற்குக் குறைச்சல் இல்லை. எங்கள் வீட்டுப் பூனையை இரண்டு வருசம் பார்த்துக்கொண்டது அடுத்த தெரு பாய் வீட்டம்மா. அவர்கள் பெருநாளைக்கு ஊருக்குப் போனால் அவர்கள் கோழிகளுக்கு நான்.

பூனையை இடம் மாற்றுவதைவிட, அதன் வீட்டிலேயே விட்டு ஒருவர் வந்து பார்ப்பது நல்லது. பூனைக்கு மனிதரைவிட இடம் பெரிசு. ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் ஈரலைப் பாதிக்கும், கவனிக்கச் சொல்லுங்கள். மீன் தொட்டிக்கு, இல்லாத நாளுக்கும் சேர்த்துத் தீனியைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் கெட்டுத்தான் மீன் சாகும்.

நாயோடு காரில் வருகிறவர்கள் அரிச்சல்முனைக்குப் போவீர்கள். டிசம்பர்தானே என்று காருக்குள் விட்டுப் பூட்டாதீர்கள். வெயில் பட்டால் சன்னலை விரலளவு இறக்கி வைத்தாலும் உள்ளே அடுப்புதான். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிடும், நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கரையில் தூண்டில் முள் கிடக்கும். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கிடக்கும். வயிற்றை ஊதிக்கொள்ளுமே, அதேதான். காய்ந்து கிடந்தாலும் அதன் விஷம் போகாது. வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பரிசுக் குட்டி.

போன வருசம் என் பழைய மாணவன் ஒருவன், துபாயிலிருந்து வந்தவன், மகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு லேப்ரடார் குட்டி வாங்கிவந்து என்னிடம் காட்டினான். பஞ்சு மாதிரி இருந்தது. லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். 20 நாள் என்றான். அப்புறம்? 'அம்மா பார்த்துப்பாங்க டீச்சர்.' அவன் அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. அவரை ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன். தலையைச் சொறிந்தான். ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத அன்று சொறிந்த அதே தலை. நல்ல பிள்ளை, புரிந்துகொண்டான். தோட்டமும் ஆளும் இருக்கிற சித்தப்பா வீட்டில் கேட்டுச் சம்மதம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இங்கிலாந்தில் ஒரு நாய் நல அமைப்பு 1978-லேயே இதை ஒரு வாசகமாகச் சொன்னது: நாய் என்பது அதன் ஆயுள் முழுக்க, கிறிஸ்துமஸுக்கு மட்டும் அல்ல. அதன் ஆயுள் 10, 12 வருசம். லீவு 20 நாள். கணக்கு நீங்களே போடுங்கள். கூண்டில் பச்சைக்கிளி வாங்கித் தருவதும் வேண்டாம். 1972-ஆம் வருச வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'டீச்சர், மனுசனுக்கே கஞ்சி இல்லை, நாய்க்கு நேர அட்டவணையா? தெரு நாய் பிள்ளைகளைக் கடிக்கிறது, அதை எழுதுங்கள்.'

நியாயமான கோபம். நானும் ஒரு டீச்சர்தான். கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். எந்த நாய் கடித்தாலும், வளர்ப்பு நாயே ஆனாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பது இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரோட்டில் திரியும் நாய்களில் எத்தனை, யாரோ ஒருவர் வீட்டில் பரிசாக வந்து, லீவு முடிந்ததும் வெளியே விடப்பட்டவை? எத்தனை, ஊசி போடாத வீட்டு நாய் ஈன்ற குட்டிகள்? 2025-ஆம் வருசம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் தெரு நாய்ப் பிரச்சினை போய் நாடே பேசியது. கடிக்கும் நாய்க்கும் தொலைந்துபோகும் நாய்க்கும் மூலம் ஒன்றுதான். பொறுப்பேற்க ஒரு பெயர் இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி வருசா வருசம் போட்டு, கருத்தடை செய்து, கதவைத் தாழ்ப்பாள் போடுகிறவர் நாய்க்கு மட்டும் நல்லது செய்யவில்லை. தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்கிறார். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும், குட்டைச் சங்கிலியில் மணிக்கணக்காகக் கட்டிப்போடுவதும் 1960-ஆம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அப்பத்தாவுக்குச் சட்டம் தெரியாது. நான்தான் கட்டினேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இன்று காலையில் குடில் வைத்துக்கொண்டிருந்தோம். பேத்தி கேட்டாள், மாடும் கழுதையும் எதற்கு என்று. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி வருகிறதே தவிர மாடும் கழுதையும் வரவில்லை. 1223-ஆம் வருசம் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியார் குடில் வைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். 800 வருசமாகக் குடிலில் அவற்றுக்கு இடம் கொடுத்துவருகிறோம். பொம்மைக்கு வைக்கோல் பரப்பிவிட்டு, பின்கட்டில் இருக்கிற நிசத்துக்குத் தண்ணீர் வைக்க மறந்தால் எப்படி?

என் கடைசிப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். இந்த வருசம் லீவு கிடைக்கவில்லை. நேற்று போனில் பேசும்போது, 'அம்மா, 24-ஆம் தேதி யாரு?' என்று கேட்டான். ஜிம்மியின் பெயரைச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. 'நான்தான்பா' என்றேன். ஆமாம், இந்த முறை பூசைக்குப் போகாமல் வீட்டில் தங்குவது நான். செவலை என் காலடியில், குட்டச்சி பீரோ மேலே. அந்த நேரத்தில் யாராவது போன் போட்டால் பேச ஆள் இருக்கிறது.

பிள்ளைகளா, உங்கள் வீட்டில் இந்த வருசம் யார் என்று இன்றைக்கே முடிவு பண்ணி, கீழே கமெண்டில் பெயரை எழுதுங்கள். நான் வருகைப் பதிவேடு மாதிரி ஒவ்வொன்றாகப் படிப்பேன். பெயர் எழுதாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பேன், தெரியும்தானே!

எல்லாருக்கும், உங்கள் வீட்டு நாலுகால் உறுப்பினர்களுக்கும் சேர்த்து, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தங்கச்சிமடம்